ரெபேக்கா தார்ன்டனின் பெயரில் இருந்த ஊர்

பர்மாவில், தாமுவேயில் எங்கள் தெருவில் ரெபேக்கா தார்ன்டனைத் தெரியாதவர்கள் இல்லை. ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள். காலை எட்டு மணிக்குப் பேருந்து பிடித்து பன்சோடான் தெருவுக்குப் போய், ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் மாலை வரை தட்டச்சு செய்வாள். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்று, குடும்பப் பட்டியல், படிப்புச் சான்று எல்லாவற்றையும் பர்மிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கிற கடை அது. முப்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குப் பெயர்கள்தான் தொழில்.

அந்தத் தொழிலிலேயே அவளுக்கு ஒரு தீராத எரிச்சல் உண்டு. வெளிநாட்டுப் படிவங்கள் எல்லாவற்றிலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. தாயும் தந்தையும் யோசித்து வைத்த பெயரின் கடைசி அசையைப் பிய்த்து அந்தக் கட்டத்தில் போட வேண்டும். ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் படிவத்தில் வேறு வேறு குடும்பத்துப் பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். "யாரோ அவங்க ஊர்ல போட்ட கட்டத்துக்கு நாம தலையை வெட்டிக்கணும்" என்பாள் ரெபேக்கா.

அவளுக்கு மட்டும் அந்தக் கட்டம் சுலபமாக நிரம்பும். அதுவும் ஒரு தொல்லையாகத்தான் இருந்தது. பதினெட்டு வயதில் அடையாள அட்டை வாங்கப் போனபோது, அலுவலகத்தில் இருந்தவர் பெயரைப் படித்தார், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி பெயரைப் படித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, 'இந்தக் கலாப் பெண்ணுக்கு இங்கிலீஷ்காரன் பேர் பார்' என்று சிரித்தார். கலா என்பது இந்தியர்களை இங்கே இளக்காரமாகச் சொல்கிற சொல். கலப்பு இனம் என்று எழுதட்டுமா என்று கேட்டார். எந்தக் கலப்பும் இல்லை, தமிழ் என்று எழுதுங்கள் என்றாள். அப்படி ஒரு இனம் அவருடைய பட்டியலில் இல்லையாம். நான்கு முறை நடக்கவிட்டு, கடைசியில் இந்தியர் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பள்ளியிலும் அதே கதை. கோயிலிலும் அதே கதை. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இங்கிலீஷ் குடும்பப் பெயர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு உண்டு. அவர்களில் சிலர் அதைக் கொண்டாடுவார்கள். பங்குப் பேரவைச் செயலாளர் லாரன்ஸ் ஆஷ்டன் அவர்களில் முதல் ஆள். தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு கேடயப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கேட்டால் எங்கள் குடும்பச் சின்னம் என்பார். அவருடைய நிறமும் என் நிறமும் ஒன்றுதான். அதைச் சொன்னால் வெயில் என்பார்.

ரெபேக்கா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தன் பெயர் எப்படி வந்தது என்று அவளுக்கும் தெரியாது. அப்பாவிடம் கேட்டபோது, தாத்தா படித்த மிஷன் பள்ளியில் கொடுத்தது என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

போன வருடம் வரை அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தது. முப்பத்தைந்து வயது வரை உள்ள ஆண்கள் எல்லோருடைய வீட்டிலும் தூக்கம் போயிற்று. ரெபேக்காவின் தம்பி கிறிஸ்டோபருக்கு முப்பத்து நான்கு. தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிற வேலை. தினமும் பாலம் கடந்து பேருந்தில் போய் வருவான். மனைவி பவானி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அம்மா இறந்தபோது கிறிஸ்டோபருக்கு மூன்று வயதுதான். அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் ரெபேக்கா. அவன் எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று அவனைவிட அவள்தான் அதிகம் தவித்தாள்.

ஒரு சனிக்கிழமை அவன் காகிதங்களோடு வந்தான். முகத்தில் வெகுநாளாக இல்லாத ஒரு தெளிவு. தாமுவே சந்தைக்குப் பின்னால் அறை எடுத்திருக்கிற ஒரு ஏஜெண்ட் வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாராம். இங்கிலீஷ் குடும்பப் பெயர் இருந்தால் போதும், வம்சாவளி விசாவில் இங்கிலாந்துக்கே போகலாமாம்.

முதல் காகிதம் இணையத்திலிருந்து எடுத்தது. தார்ன்டன் என்ற பெயரின் வரலாறு, மேலே ஒரு கேடயம், நடுவில் உலகில் எங்கே இருந்தாலும் தார்ன்டன்கள் ஒரே ரத்தம் என்று தடித்த எழுத்தில் ஒரு பத்தி. இரண்டாவது, ஏஜெண்ட் எழுதிய உறுதிமொழிப் பத்திரம், பர்மிய மொழியில். அதை ஆங்கிலமாக்கி ரெபேக்காவின் கடை முத்திரையோடு கொடுக்க வேண்டும். தெரிந்த கடை, சுலபம் என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார்.

ரெபேக்கா பத்திரத்தைப் படித்தாள். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் அரிசி ஆலை நடத்திய தார்ன்டன் துரைக்கும், அவருடைய பங்களாவில் வேலை செய்த மரியபுஷ்பம் என்ற தமிழ்ப் பெண்ணுக்கும், திருமணம் இல்லாமல் பிறந்த மகனே எங்கள் தாத்தா சவரிநாயகம் என்று அதில் இருந்தது. மரியபுஷ்பம் அவர்களுடைய பூட்டி. தாத்தாவின் தகப்பனார் மரியஜோசப்பின் பெயர் பத்திரத்தில் எங்குமே இல்லை.

இது யார் சொன்ன கதை என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, ஏஜெண்ட் எழுதியதுதான், எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுகிறார் என்றான் கிறிஸ்டோபர். செத்து எண்பது வருடம் ஆனவர்களுக்கு இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்றும் கேட்டான்.

"தம்பி, நீ வெளிநாடு போகணும்னா போ. நான் கையைப் பிடிச்சு அனுப்பி வைக்கிறேன். ஆனா தாலி கட்டி வாழ்ந்த பொம்பளைய துரைக்கு வைப்பாட்டியாக்கிட்டு அது மேல ஏறிப் போகாதே. அந்தக் காகிதத்தை என் கையால அடிக்க மாட்டேன்" என்றாள்.

கிறிஸ்டோபருக்கும் கோபம் வந்தது. உனக்கென்ன, உன்னைப் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லையே என்றான். அந்தச் சொல் அவளுக்கு எங்கே பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். பவானி இருவருக்கும் நடுவில் நின்று அழுதாள். அவன் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அதன் பிறகு மூன்று மாதம் அக்காவோடு பேசவில்லை.

திங்கட்கிழமை ரெபேக்கா கடை முதலாளி முஜிபுர் ரஹ்மானிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வக்கீல், அறுபது தாண்டியவர், நம் தமிழ் ஆள். அந்த வம்சாவளி விசா காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான், தாத்தாவோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால்தான், பர்மா பாஸ்போர்ட்டுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். போன மாதம் ஆஷ்டன் குடும்பத்தில் ஒருவரும் பிராட்லி குடும்பத்தில் ஒருவரும் இதே மாதிரிப் பத்திரத்தோடு கடைக்கு வந்தார்களாம். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.

"ரெபேக்காம்மா, பொய்யின்னு சொன்னா மட்டும் உங்க தம்பி கேக்க மாட்டாரு. கையில ஒரு காகிதம் வேணும்" என்றார்.

அதுதான் அவளைக் கோயில் பதிவேடுகளுக்கு அனுப்பியது. பங்குத் தந்தை கரேன் இனத்தவர், சாது. யுத்தத்துக்கு முந்தைய ஏடுகளில் மூன்றுதான் மிச்சம், ஓரமெல்லாம் கரையான், மெதுவாகப் புரட்டுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் மதியம் கடைக்கு விடுப்புப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் நானும் கூடப் போனேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருடத் திருமண ஏட்டில் அவர்கள் இருந்தார்கள். மரியஜோசப், வயது இருபத்து நான்கு, எடை குமாஸ்தா. மரியபுஷ்பம், வயது பதினெட்டு. இரண்டு வருடம் கழித்து மூத்த மகன் சவரிநாயகத்தின் ஞானஸ்நானம். தகப்பன் பெயர் இருந்த இடத்தில், 'டாலா தார்ன்டன் ஆலையைச் சேர்ந்த மரியஜோசப்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அடுத்த மகளுக்கு எழுதும்போது பாதிரியார் ஆலையை விட்டுவிட்டார், 'தார்ன்டனைச் சேர்ந்த மரியஜோசப்' ஆகிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் மூன்றாவது பிள்ளை. கையெழுத்து வேறு, புதிதாக வந்த பாதிரியார் போல. 'மரியஜோசப் தார்ன்டன்' என்று சேர்த்து எழுதிவிட்டார். மிஷன் பள்ளி அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் வம்சம்.

மூன்று இடத்திலும் தகப்பன் கையெழுத்து தமிழில் இருந்தது. 'வ. மரியஜோசப்.' அழகான, அழுத்தமான எழுத்து. எழுதத் தெரிந்த மனிதர். தன் பெயர் என்ன என்று மூன்று முறையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்க்கவே இல்லை.

அந்த 'வ' எதைக் குறிக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் வந்த ஊராக இருக்கலாம், தகப்பன் பெயராகவும் இருக்கலாம். சொல்வதற்கு யாரும் உயிரோடு இல்லை. ரெபேக்கா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவனோ ஒருத்தன் ஊரை நாலு தலைமுறையா முழுசா சுமந்திருக்கோம். எங்க ஆளோட ஊரு ஒரு எழுத்தா நிக்குது" என்றாள். குரல் நடுங்கியது. அழுகை என்று நினைத்தேன். இல்லை, கோபம்.

தார்ன்டன் ஒரு ஊர்ப்பெயர் என்பதை ஏஜெண்ட் கொடுத்த காகிதத்தில்தான் அவள் படித்திருந்தாள். அந்தக் காகிதத்தின் அடியில் எழுதியவரின் பெயரும் மின்னஞ்சலும் சின்ன எழுத்தில் இருந்தன. ஏஜெண்ட் வெட்ட மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஹெலன் என்ற பெண், வடக்கு இங்கிலாந்தில் குடும்பப் பெயர்களை ஆராய்கிறவர். ரெபேக்கா அவருக்கு எழுதினாள். பதிவேட்டுப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து இணைத்தாள்.

நான்கு நாளில் நீண்ட பதில் வந்தது. ரெபேக்கா எனக்குப் படித்துக் காட்டினாள். தார்ன்டன் என்றால் பழைய இங்கிலீஷில் முள்மரம் நிற்கிற ஊர். நம் மொழியில் சொன்னால் முள்ளூர். அந்தப் பெயரில் அங்கே ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டுக்கு மேல் ஊர்கள் உண்டு. எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால், ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் பிழைக்கப் போனவனை அங்குள்ளவர்கள் முள்ளூர்க்காரன் என்று கூப்பிட்டார்கள். நிலம் வைத்திருந்த பிரபுவும் அதே ஊரின் பெயரால் அழைக்கப்பட்டான். அவனிடம் வேலை செய்தவனும் அப்படியே. ஏட்டில் முதலில் 'முள்ளூரைச் சேர்ந்த' என்று எழுதினார்கள். போகப் போக 'சேர்ந்த' விழுந்துவிட்டது, ஊர் மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே இங்கிலாந்திலேயே இரண்டு தார்ன்டன்கள் உறவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கேடயம் என்பதும் ஒரு தனி ஆளுக்கும் அவருடைய சந்ததிக்கும் கொடுத்த உரிமை, ஒரு பெயருக்குக் கேடயம் கிடையாது. ஒரே ரத்தம் என்ற அந்தப் பத்தியைத் தான் எழுதவே இல்லை, யாரோ தன் கட்டுரையின் நடுவில் செருகியிருக்கிறார்கள் என்று ஹெலன் எழுதியிருந்தார். அவருக்கும் ஆத்திரம்.

கடைசியில் மட்டும் ஒரு வரி. பர்மாவில் தார்ன்டன் என்ற பெயரை எடுத்துக்கொண்ட குடும்பம் என்று உங்களை எங்கள் பட்டியலில் சேர்க்க அனுமதிப்பீர்களா என்று கேட்டிருந்தார். ரெபேக்கா அந்த நிமிடமே பதில் தட்டினாள். நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, எங்கள் மேல் எழுதிவிட்டார்கள், சேர்ப்பதானால் அப்படிச் சேருங்கள், வ. மரியஜோசப் என்று தமிழிலும் போடுங்கள் என்று எழுதினாள். மறுநாள் ஹெலன் மன்னிப்புக் கேட்டு, அப்படியே சேர்ப்பதாகப் பதில் போட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி ரெபேக்கா ஒரு குறையும் சொல்வதில்லை.

ஹெலனின் கடிதத்தைத் தமிழாக்கி, பதிவேட்டுப் படங்களோடு பவானியிடம் கொடுத்து அனுப்பினாள். கிறிஸ்டோபர் வாங்கி வைத்துக்கொண்டான்.

மற்றக் குடும்பங்களும் ஏமாறக் கூடாதே என்று லாரன்ஸ் ஆஷ்டனிடம் போனாள். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு தமிழ்ப் பூசை, பூசை முடிந்ததும் அறிவிப்புகளைச் செயலாளர்தான் வாசிப்பார். இப்படி ஒரு மோசடி நடக்கிறது, யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று இரண்டு வரி வாசிக்கச் சொன்னாள். அவர் மறுத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு வரலாறு இருக்கும், உங்கள் வீட்டில் எடை குமாஸ்தா என்றால் எல்லார் வீட்டிலும் எடை குமாஸ்தாவா என்று கேட்டார். குடும்பங்களின் கௌரவத்தில் கோயில் தலையிடக் கூடாது என்றார். அவருடைய சொந்தத் தங்கை மகனே அந்த ஏஜெண்டிடம் சிக்கியிருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கேடயப் படத்துக்காக வாயை மூடிக்கொண்டார். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தன் வீட்டுப் பெண்களைப் பற்றி எவனோ எழுதிய அவதூறை ஒருவன் கௌரவம் என்று சட்டம் போட்டு மாட்டுவானா?

அந்த ஞாயிறு அறிவிப்புகள் முடிந்து ஆஷ்டன் கீழே இறங்கியதும், ரெபேக்கா எழுந்து முன்னால் போனாள். கருப்புப் புடவை, கையில் பதிவேட்டின் நகல். பங்குத் தந்தை தடுக்கவில்லை. ஒலிவாங்கியை அவளே தாழ்த்திக்கொண்டாள்.

"என் பேரு ரெபேக்கா தார்ன்டன். எங்க பூட்டன் டாலா ஆலையில எடை போட்டவரு. அந்த ஆலையோட பேருதான் என் பேரு. எங்க வீட்டுல எந்தத் துரையும் வரல. எங்க பூட்டி இந்தக் கோயில்லதான் கல்யாணம் முடிச்சா. இங்கிலீஷ் பேரு இருக்கிறவங்க வீட்டுப் பொம்பளைங்களைக் கேவலமா எழுதி ஒருத்தன் பத்திரம் விக்கிறான். வாங்காதீங்க. அந்த விசா நமக்குக் கிடையவே கிடையாது."

பிறகு அதையே பர்மிய மொழியில் சொன்னாள். பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் விழுமே தவிர முழுதாக ஏறாது. விசா பற்றிய வரி அவர்களுக்குத்தான் முக்கியம்.

ஆஷ்டன் வெளியே போய்விட்டார். பிறகு பின்வரிசையிலிருந்து ஜெசிந்தா பிராட்லி எழுந்தாள், தன்லியின்காரி, விதவை. தன் மகன் அந்தப் பத்திரத்தோடு பாங்காக் வரை போனான், பொய் ஆவணம் என்று விண்ணப்பத்தில் எழுதித் திருப்பிவிட்டார்கள், இனி வேறு எந்த நாட்டுக்கு மனுப் போட்டாலும் அந்தக் குறிப்பு கூடவே வருமாம் என்றாள். வெட்கத்தில் இத்தனை நாள் சொல்லவில்லை என்றாள். அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து நெருங்கி உட்கார்ந்தார்கள்.

அந்த வாரமே நான்கு குடும்பத்தார் சேர்ந்து சந்தைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார்கள். பூட்டியிருந்தது. கிறிஸ்டோபர் பவானியின் வளையல்களை முன்பணமாகக் கொடுத்திருந்தான். அவை போனது போனதுதான். புகார் கொடுக்கலாம் என்று முஜிபுர் ரஹ்மான் சொன்னார். ஆனால் முப்பத்தைந்துக்குக் கீழே உள்ள எந்த ஆண் இந்த நாளில் தானாகப் போய்த் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுப்பான்? அந்த ஏஜெண்ட் இதைக் கணக்கு வைத்துத்தான் தொழில் செய்திருக்கிறான். இப்போது வேறு பேட்டையில் வேறு பெயர்ப்பலகை மாட்டியிருப்பான்.

பவானிக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அக்காவும் தம்பியும் மறுபடி பேசினார்கள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். மோஹிங்கா வாங்கி வந்து கொடுத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "அக்கா, அந்தத் தமிழ்க் கையெழுத்தைப் படம் பெரிசு பண்ணிக் கொடு. வீட்டுல மாட்டுறேன்" என்றான். சரி என்றாள். உன்னைப் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லையே என்று சொன்னதற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பயத்தில் பேசியது என்பாள்.

அவனுக்கு முப்பத்தைந்து முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரை வார்டு அலுவலகத்திலிருந்து யார் படியேறினாலும் அந்த வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் தீர்வு இல்லை.

பெயரை மாற்றிவிடு என்று சிலர் ரெபேக்காவிடம் சொன்னார்கள். அவள் மாற்றவில்லை. மாற்றினால் பள்ளிச் சான்றிலிருந்து வீட்டு வாடகைப் பத்திரம் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், எவனோ எழுதிய தப்புக்கு நான் ஏன் அலைய வேண்டும் என்கிறாள். ஆனால் யாராவது நீங்கள் ஆங்கிலோவா என்று கேட்டால், முன்பு போலச் சிரித்துவிட்டுப் போவதில்லை. நின்று, பாதிரியார்கள் மூன்று முறை எழுதியதையும் வரிசையாகச் சொல்கிறாள். கேட்டவருக்கு நேரமில்லை என்றாலும் முடிக்காமல் விடுவதில்லை.

லாரன்ஸ் ஆஷ்டன் இன்னும் செயலாளர்தான். போன மாதம் தேர்தலில் எதிர்த்து நிற்க ரெபேக்காவின் பெயரை ஜெசிந்தா முன்மொழிந்தாள். ரெபேக்கா ஆறு வாக்கில் தோற்றாள். வீட்டுக்கு நடந்து வரும்போது ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஆறு வாக்குத்தானே, அடுத்த முறை டாலாவிலிருந்து வருகிறவர்களையும் கூட்டி வரவேண்டும், அந்த நேரத்துக்குப் படகு கிடைக்குமா என்று விசாரி என்றாள்.